ஒசாகாவில் ஒற்றை விரல்

ஜப்பானில் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தால் முதலில் வருகிற கேள்வி "என்ன சாப்பிடுறீங்க?" இல்லை. "நன்மேய்-சாமா தெஸ்கா?" என்பதுதான். "எத்தனை பேர்?" என்று அர்த்தம். மொழி தெரியாதவர்கள் விரலைக் காட்டினால் போதும். ஒருத்தர்தான் என்றால் ஒரு விரல். உடனே கடைக்காரர் உள்பக்கம் திரும்பி, அடுப்படி வரைக்கும் கேட்கிற மாதிரி "இச்சிமேய்-சாமா!" என்று குரல் கொடுப்பார். ஒருவர் வந்திருக்கிறார் என்று தகவல். அந்த 'சாமா' இருக்கிறதே, அது ஜப்பான் மொழியில் பேருக்குப் பின்னால் போடுகிற மரியாதைச் சொற்களில் கொஞ்சம் உயரமானது.

இந்த ஒரே ஒரு கேள்விக்குப் பயந்துகொண்டு ஒருத்தன் 2024 நவம்பரில் ஒசாகாவில் போய் இறங்கினான்.

சிரிக்காதீர்கள். 23 வயது வரைக்கும் அவன் ஒரு ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. கூட ஆள் இல்லையென்றால் பார்சல். பார்சல் கிடைக்கவில்லையென்றால் பிஸ்கட். எதிர் நாற்காலி காலியாக இருப்பதை ஊரே பார்க்கிறது என்று ஒரு நினைப்பு. (இந்த மாதிரி ஆட்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.)

பயணமே இரண்டு பேருக்குப் போட்ட திட்டம். ஹாஸ்டலில் ஆரம்பித்து நான்கு வருடம் பேசி, வேலைக்குப் போன பிறகு ஒன்றரை வருடம் காசு சேர்த்து, டிக்கெட் எடுத்து எல்லாம் முடிந்தது. கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது நண்பனுடைய அக்காவுக்குக் கல்யாணத் தேதி குறித்துவிட்டார்கள். சரியாக அதே வாரம்! அக்கா கல்யாணத்தை விட்டுவிட்டு ஜப்பான் போகிறேன் என்று எந்தத் தம்பியும் சொல்ல முடியாது. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் பாதிக் காசு கூடத் தேறாது. "நீ மட்டும் போயிட்டு வாடா" என்று நண்பன் சுலபமாகச் சொல்லிவிட்டான். இத்தனைக்கும் இருவரில் வழி கேட்பது, கடைக்காரரிடம் பேசுவது, கலர் கலராகப் பொய் சொல்வது எல்லாமே நண்பனின் இலாகா. இவன் கணக்கு எழுதுகிறவன். அந்தக் கணக்கு நோட்டு மட்டும் பத்திரமாகப் பையில் கூட வந்தது. முதல் பக்கத்தில் நண்பனின் கையெழுத்தில் முதல் நாள் திட்டம். கீழே இவன் எழுதிய வரி: "சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 5,000 யென், தாண்டக்கூடாது." அப்போதைய மதிப்பில் ஒரு யென் அரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஏறக்குறைய 2,750 ரூபாய்.

கன்சாய் விமான நிலையத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் தாண்டிப் போகக்கூடாது. கடலை நிரப்பி ஒரு தீவைச் செய்து, அதன் மேல் 1994-ல் திறந்த விமான நிலையம். தீவு போட்டதிலிருந்து பத்து மீட்டருக்கும் மேலே கீழே இறங்கிவிட்டது, இன்னும் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் கட்டிடத்தின் தூண்களுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அவ்வப்போது தூக்கி மட்டம் பார்க்கிறார்கள். லாரிக்கு டயர் மாற்றுகிற மாதிரி, விமான நிலையத்துக்கு!

அங்கிருந்து நங்காய் ரயிலில் நம்பா. முக்கால் மணி நேரம், 970 யென். நம்பா ஸ்டேஷன் எஸ்கலேட்டரில் சமர்த்தாக இடது பக்கம் ஒதுங்கி நின்றான். டோக்கியோவில் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று படித்திருந்தான். ஒசாகாவில் தலைகீழ், வலது பக்கம் நிற்க வேண்டும். பின்னால் ஒரு அலுவலகக்காரர் சத்தமே போடாமல், இவன் முதுகையே பார்த்துக்கொண்டு மேலே வரைக்கும் பொறுமையாக வந்தார். யாராவது திட்டினால்கூடத் தேவலை. இந்தப் பொறுமை ரொம்பக் கஷ்டம்.

தங்குமிடம் ஒரு கேப்ஸ்யூல் ஹோட்டல். தேன்கூட்டு அறைகள் மாதிரி அடுக்கிய படுக்கைகள், ஆளுக்கு ஒன்று. உலகத்தின் முதல் கேப்ஸ்யூல் ஹோட்டலே 1979-ல் ஒசாகாவின் உமேதா பகுதியில்தான் வந்தது, வடிவமைத்தவர் கிஷோ குரோகாவா என்ற கட்டிடக் கலைஞர். இவர்கள் இரண்டு படுக்கை போட்டிருந்தார்கள், ஒன்றை ரத்து செய்தாகிவிட்டது. படுக்கை மாலையில்தான் கிடைக்கும் என்பதால் பையை மட்டும் வைத்துவிட்டு வெளியே வந்தான்.

காலைச் சாப்பாடு? எதிர்பார்த்ததுதான். பார்சல்.

கொன்பினி என்று அங்கே செல்லமாகச் சொல்கிற 24 மணி நேரக் கடையில் இரண்டு ஓனிகிரியும் ஒரு பாட்டில் டீயும் வாங்கினான். ஓனிகிரி என்றால் சோற்று உருண்டை, முக்கோண வடிவத்தில். உள்ளே மீனோ ஊறுகாய்ப் பிளமோ இருக்கும். வெளியே காகிதம் மாதிரி கடற்பாசித் தாள். சோற்றின் ஈரத்தில் தாள் நமத்துப் போகக் கூடாது என்பதற்காக இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் உறை. 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும் வரிசையில் பிரித்தால் உறை உருவிக்கொண்டு வந்துவிடும், தாள் சோற்றின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். முதல் உருண்டையில் அவன் 2-ஐ முதலில் இழுத்துத் தாளைப் பாதியாகக் கிழித்தான். இரண்டாவதில் தேறிவிட்டான்.

காமர்ஸ் மக்களுக்கு இங்கே ஒரு விஷயம். அதே ஓனிகிரியைக் கடைக்குள்ளேயே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டால் வரி 10 சதவீதம், கையோடு எடுத்துக்கொண்டு போனால் 8 சதவீதம். 2019 அக்டோபரில் விற்பனை வரியை 8-லிருந்து 10 ஆக்கினார்கள். அப்போது உணவுப் பொருளுக்கு மட்டும் பழைய 8-ஐ விட்டுவைத்தார்கள். உட்கார வைத்துப் பரிமாறினால் அது பொருள் இல்லை, சேவை. ஆகவே 10. நாற்காலிக்கு இரண்டு சதவீதம்! இவன் பார்சல் வாங்கியது கூச்சத்தினால், ஆனால் நோட்டில் 'வரி மிச்சம்' என்று எழுதிக்கொண்டான்.

வாய்க்கால் ஓரம் ஒரு பெஞ்சில் சாப்பிட்டு முடித்துக் குப்பைத்தொட்டி தேடினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லை. 1995-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷவாயு வைத்த பிறகு பொது இடங்களில் நிறைய தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். குப்பையை வீட்டுக்கு எடுத்துப் போவதுதான் அங்கே வழக்கம். ஓனிகிரி உறை இரண்டும் பேன்ட் பாக்கெட்டுக்குப் போனது.

குரோமோன் மார்க்கெட்டைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். கூரை போட்ட நீளமான சந்து, 580 மீட்டர், இரண்டு பக்கமும் மீனும் நண்டும் மாட்டிறைச்சியும். ஒரு காலத்தில் ஊர் சமையல்காரர்கள் சரக்கு எடுக்கிற இடமாக இருந்தது, இப்போது பாதிக்கு மேல் நம்மைப் போல வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். விலையும் அதற்குத் தகுந்த மாதிரி. குச்சியில் குத்திய இறைச்சி சில துண்டுகளுக்கு ஆயிரக்கணக்கில் யென் போட்டிருந்தார்கள். 5,000-க்குள் நாளை ஓட்டுகிறவன் கையைக் கட்டிக்கொண்டு நடந்துவிட வேண்டிய இடம்.

மத்தியானம்தான் உண்மையான பரீட்சை. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சின்ன உதோன் கடை. உதோன் என்பது தடிமனான கோதுமை நூடுல்ஸ். வாசலில் ஒரு இயந்திரம், அதில் காசு போட்டுப் பட்டனை அழுத்தினால் சீட்டு வரும், சீட்டைக் கொடுத்தால் சாப்பாடு வரும். பேசவே வேண்டாம்! அந்தக் கடையை அவன் பிடித்ததே அதற்காகத்தான். ஆயிரம் யென் நோட்டை உள்ளே விட்டான். இயந்திரம் திருப்பித் துப்பியது. நீவி விட்டுக் கொடுத்தான். துப்பியது. திருப்பிப் போட்டான். துப்பியது. பின்னால் இரண்டு பேர் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள், அதே கொடுமையான பொறுமையோடு.

நடந்தது இதுதான். 2024 ஜூலையில் ஜப்பான் புது நோட்டுகளை வெளியிட்டது. பத்தாயிரம் யென் நோட்டில் ஷிபுசாவா எய்இச்சி. 'ஜப்பானிய முதலாளித்துவத்தின் தந்தை' என்று சொல்லப்படுகிறவர், 1873-ல் அந்த நாட்டின் முதல் நவீன வங்கியைத் தொடங்கி, ஐநூறு கம்பெனிகள் பக்கம் உருவாகக் கை கொடுத்தவர். ஆயிரம் யென் நோட்டில் கிதசாதோ என்ற நுண்ணுயிரியல் விஞ்ஞானி. நோட்டு வந்துவிட்டது, ஆனால் சின்னக் கடைகளின் சீட்டு இயந்திரங்கள் பல புது நோட்டைப் படிக்கத் தெரியாமல் நின்றன. இயந்திரத்தை மாற்றுவது என்றால் பெரிய செலவு. ஐநூறு யென்னுக்கு நூடுல்ஸ் விற்கிறவர் எத்தனை கிண்ணம் விற்று அந்தக் காசை எடுப்பார்? ஆகவே பலர் ஒரு துண்டுக் காகிதத்தில் 'புது நோட்டு எடுக்காது' என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். இங்கேயும் ஒட்டியிருந்தது. ஜப்பான் எழுத்தில்.

உள்ளே இருந்து ஒரு பெரியம்மா ஏப்ரனோடு வந்தார். இவன் கையிலிருந்த நோட்டை வாங்கிக்கொண்டு, இடுப்புப் பையிலிருந்து பழைய ஆயிரம் யென் நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பழைய நோட்டில் இருப்பவர் நொகுச்சி ஹிதேயோ, கிதசாதோவின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். இயந்திரம் குருவைத் துப்பிவிட்டுச் சீடரை வாங்கிக்கொண்டது :-)

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தால், கேட்டேவிட்டார். "நன்மேய்-சாமா?"

பின்னால் நிற்கிற இரண்டு பேரும் இவனோடு வந்தவர்களா என்று அவருக்குச் சந்தேகம். இவன் மெதுவாக ஒரு விரலைக் காட்டினான். பின்னால் இருந்தவரும் ஒரு விரலைக் காட்டினார். அவருக்குப் பின்னால் இருந்தவரும்! மூன்று தனி ஆட்கள். பெரியம்மா மூன்று முறை "இச்சிமேய்-சாமா" சொல்லி, நீளப் பலகையில் வரிசையாக மூன்று பேரையும் உட்கார வைத்தார்.

அந்தக் கடையில் எதிர் நாற்காலி என்பதே இல்லை. சுவரைப் பார்த்து ஒரு பலகை, அடுப்பைப் பார்த்து ஒரு பலகை. உட்கார்ந்திருந்த எட்டுப் பேரும் தனியாக வந்தவர்கள்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஜப்பானின் வீடுகளில் 38 சதவீதம் ஒற்றை ஆள் வீடுகள். தனியாகச் சாப்பிடுகிறவர்கள் ஒரு நாட்டில் இத்தனை பேர் இருந்தால் கடைக்காரருக்கு அது பரிதாபம் இல்லை, மார்க்கெட். நான்கு பேர் மேஜையில் ஒருத்தரை உட்கார வைத்தால் மூன்று இடம் நஷ்டம். பலகை போட்டால் ஒரு இடம்கூட வீணாகாது. 'ஓஹிதோரி-சாமா' என்று தனி வாடிக்கையாளருக்குப் பேரே வைத்திருக்கிறார்கள். ஃபுகுவோகாவில் பிறந்த ஒரு பெரிய ராமென் நிறுவனம் இதை இன்னும் தூரம் கொண்டுபோய், பக்கத்து ஆள் முகம்கூடத் தெரியாமல் நடுவில் தட்டி வைத்து அடைத்துவிட்டது.

வந்தது கிட்சுனே உதோன், ஒசாகாவின் சொந்த அயிட்டம். 1893-ல் தொடங்கிய ஒரு ஒசாகா கடையைத்தான் அதன் பிறந்த வீடு என்பார்கள். கிட்சுனே என்றால் நரி. பயப்பட வேண்டாம், நரிக்கறி இல்லை. டோஃபுவைப் பொரித்து இனிப்பும் சோயாவும் போட்டு வேகவைத்து நூடுல்ஸ் மேல் போர்வை மாதிரி போர்த்தியிருப்பார்கள். நரிக்குப் பொரித்த டோஃபு பிடிக்கும் என்று அங்கே ஒரு நம்பிக்கை, அதனால் அந்தப் பேர்.

சாறு பார்க்க வெந்நீர் மாதிரி வெளிறிப் போய் இருந்தது. வாயில் வைத்தால் கதை வேறு. கொம்பு என்ற கடற்பாசியை ஊறவைத்து எடுத்த தாஷி. கொம்பு விளைவது வடகோடி ஹொக்காய்டோவில். பழைய காலத்தில் வணிகக் கப்பல்கள் அதை மேற்குக் கடலோரமாகவே இறக்கி ஒசாகாவுக்குக் கொண்டுவந்தன. வழியில் வாங்கி, வழியில் விற்று, கடைசியில் மிச்சம் கொட்டுகிற துறைமுகம் ஒசாகா. அதனால் இந்த ஊர் நாக்கு கொம்புச் சாற்றுக்குப் பழகிவிட்டது. 1908-ல் இகேதா கிகுனாயே என்ற வேதியியல் பேராசிரியர் இதே கொம்பிலிருந்து ருசிக்குக் காரணமான குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். அடுத்த வருடமே அது அஜினோமோட்டோ என்ற பேரில் கடைக்கு வந்தது. ஆமாம், நம்ம ஃப்ரைடு ரைஸ் கடை அஜினோமோட்டோவேதான்.

பக்கத்தில் இருந்தவர் 'சர்ர்ர்' என்று உறிஞ்சினார். அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. இவனும் கொஞ்சம் சத்தம் வைத்து உறிஞ்சிப் பார்த்தான். யாரும் திரும்பவில்லை. ஏழு நிமிடத்தில் கிண்ணம் காலி. எழுந்து போகும்போது பெரியம்மா "ஓகினி" என்றார். ஒசாகாக்காரர்களின் நன்றி அது. "அரிகாதோ" மட்டும் மனப்பாடம் செய்திருந்தவனுக்குப் புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தான். நோட்டில்: உதோன் 480.

ஒசாகா கோட்டை அன்றைய பட்டியலில் இருந்தது. போகவில்லை. இப்போது நிற்கிற கோபுரம் 1931-ல் கான்கிரீட்டில் கட்டியது, இன்னொரு நாள் பார்த்தாலும் அங்கேயேதான் இருக்கும். அதற்குப் பதில் மிதோசுஜி சுரங்க ரயில் பிடித்து யோதொயபாஷியில் இறங்கி, தோஜிமா ஆற்றோரம் நடந்தான். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ஆபீஸ் கட்டிடங்கள், ஆற்றோரம் பெரிய அரிசி மணி மாதிரி ஒரு நினைவுச் சின்னம். சுற்றுலாப் பயணிகள் யாரும் இல்லை. ஆனால் பி.காம் படித்தவன் வந்து பார்க்க வேண்டிய இடம் அது.

அந்தக் காலத்து ஜப்பானில் பிரபுக்களுக்கு வரி நெல்லும் அரிசியுமாகத்தான் வரும். அதைக் காசாக்க ஒசாகாவுக்கு அனுப்புவார்கள். ஆற்றோரம் ஒவ்வொரு பிரபுவுக்கும் ஒரு கிடங்கு. 'நாட்டின் சமையலறை' என்று இந்த ஊருக்குப் பேர் வந்தது இப்படித்தான். வாங்குகிற வியாபாரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகாமல் ஒரு சீட்டு வாங்கிக்கொள்வார். சீட்டு கைமாறும். அப்புறம் சீட்டும் இல்லாமல், பின்னால் ஒரு தேதிக்கு இன்ன விலை என்று வெறும் கணக்குப் புத்தகத்திலேயே வியாபாரம். 1730-ல் தோகுகாவா அரசு இதற்கு முறையாக அனுமதி கொடுத்தது. உலகின் முதல் ஒழுங்கான ஃபியூச்சர்ஸ் சந்தை என்று தோஜிமாவைத்தான் சொல்கிறார்கள். பாடப்புத்தகத்தில் பெரிதாக வருகிற சிகாகோ சந்தை வந்தது 1848-ல், 118 வருடம் கழித்து!

நாள் முடிவில் ஒரு திரியைக் கொளுத்தி வைப்பார்கள், திரி அணைந்தால் வியாபாரம் முடிந்தது. அதற்கு மேலும் கத்திக்கொண்டு நிற்கிறவர்கள் மேல் வாளியில் தண்ணீர் ஊற்றுவார்கள். விலையை வெளியூருக்குச் சொல்ல மலைக்கு மலை ஆள் நிறுத்திக் கொடி அசைப்பார்கள். 1939-ல், போர்க்காலக் கட்டுப்பாடுகளில் சந்தையை மூடிவிட்டார்கள். 2024 ஆகஸ்டில், அதாவது இவன் போவதற்கு மூன்று மாதம் முன்னால், ஒசாகாவின் தோஜிமா சந்தை மறுபடியும் அரிசிக் குறியீட்டின் மேல் முன்பேர வணிகத்தைத் தொடங்கியது. அந்த வருடம் ஜப்பானில் அரிசி விலை ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த 2025-ல் 5 கிலோ 4,000 யென்னையும் தாண்டியது. காலையில் தின்ற இரண்டு உருண்டைச் சோறு இந்தச் சந்தையின் சரக்கு. அவன் அந்த அரிசி மணிக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். நண்பனுக்கு இதையெல்லாம் சொன்னால் கொட்டாவி விடுவான். தனியாக வந்ததில் அந்த ஒரு லாபம்.

சாயங்காலம் ஷின்செகாய். 'புது உலகம்' என்று அர்த்தம், ஆனால் ரொம்பப் பழைய இடம். 1912-ல் ஈஃபில் கோபுரத்தைப் பார்த்து ஒரு கோபுரம் கட்டினார்கள். 1943-ல் போரின்போது அது போய்விட்டது, இப்போதிருக்கும் சூதென்காக்கு கோபுரம் 1956-ல் கட்டியது. அதன் காலடியில் குஷிகாட்சு கடைகள். இறைச்சி, காய்கறி எதையாவது குச்சியில் குத்தி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்துத் தருவார்கள். உழைக்கிற ஜனங்கள் நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் போன பண்டம். பலகையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சாஸ் தொட்டி. ஒரே சட்டம்: ஒரு தடவைதான் முக்கலாம், கடித்த குச்சியை மறுபடி முக்கக் கூடாது. சாஸ் போதவில்லையென்றால் இலவசமாகத் தரும் முட்டைக்கோஸ் துண்டால் அள்ளி ஊற்றிக்கொள்ள வேண்டும். எச்சில் விஷயத்தில் நம் பாட்டிமார்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கும். கொரோனாவுக்குப் பிறகு பல கடைகள் தொட்டியை எடுத்துவிட்டு சாஸ் பாட்டில் வைத்துவிட்டன. இவன் போன கடையிலும் பாட்டில்தான். எதிர்பார்த்துப் போன சட்டத்தை மீறவும் வழியில்லை, மதிக்கவும் வழியில்லை.

இந்த முறை விரலைக் கேட்பதற்கு முன்னாலேயே காட்டிவிட்டான். பக்கத்தில் ஒரு தாத்தா, அவரும் ஒற்றை விரல்தான் போல. மெனுவைப் பார்த்து இவன் விழிப்பதைப் பார்த்துத் தன் தட்டிலிருந்த குச்சியைத் தூக்கிக் காட்டி "ரென்கோன்" என்றார். வட்டமாக, ஓட்டை ஓட்டையாக, தாமரைக்கிழங்கு. இவனும் "ரென்கோன்" என்றான். சமையல்காரரும் "ரென்கோன்!" என்றார். அன்று முழுக்க அவன் ஒரு மனிதரோடு பேசிய நீண்ட உரையாடல் அதுதான். ஐந்து குச்சியும் டீயும், 850.

இருட்டியதும் டோடோன்போரிக்கு வந்தான். 1615-ல் வெட்டி முடித்த வாய்க்கால், வெட்ட ஆரம்பித்த டோடோன் என்ற வணிகரின் பேர். இரண்டு பக்கமும் விளம்பரப் பலகைகள். இரண்டு கையையும் தூக்கி ஓடுகிற கிளிகோ மனிதன் முதலில் 1935-ல் எரிந்தான், இப்போது எரிவது ஆறாவது தலைமுறை, 2014-ல் வைத்த எல்.இ.டி. ஒரு மிட்டாய் தின்றால் 300 மீட்டர் ஓடலாம் என்பது அந்தக் கம்பெனியின் பழைய விளம்பரம். 'குயிதாவோரே' என்று ஒரு சொல் இந்த ஊருக்கென்றே உண்டு. தின்றே திவாலாவது! பழைய புகைப்படங்களில் வருகிற பெரிய பேத்தை மீன் விளக்கைத் தேடினான். அந்தக் கடை 2020-லேயே மூடிவிட்டது.

நோட்டில் நண்பன் எழுதியிருந்தது: "முதல் நாள் ராத்திரி நாபே. கண்டிப்பா." நாபே என்றால் மேஜையில் அடுப்பை வைத்துச் சட்டியில் கொதிக்கக் கொதிக்க எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது. நவம்பர் குளிர், இரண்டு கடை சாப்பிட்டுப் பாஸான தைரியம். நல்ல வெளிச்சமான கடையாகப் பார்த்து நுழைந்து விரலை உயர்த்தினான்.

அந்தப் பெண் சிரித்த முகம் மாறாமல் குனிந்தாள். மெனு அட்டையில் ஒரு வரியைக் காட்டி, இரண்டு விரலைக் காட்டினாள். அப்புறம் கைகளைப் பெருக்கல் குறி மாதிரி வைத்தாள். இரண்டு பேரிலிருந்துதான் சட்டி. கணக்குப்படி பார்த்தால் நியாயம்தான். சட்டியும் அடுப்பும் மேஜையும் ஒரு ஆளுக்குப் போட்டால் கட்டாது. ஒற்றை ஆள் நாபே விற்கிற கடைகளும் அந்த ஊரில் உண்டு, இது அந்தக் கடை இல்லை. அவள் மூன்று முறை குனிந்து மன்னிப்புக் கேட்டாள். உள்ளே எல்லா மேஜையிலும் ஆவி பறந்துகொண்டிருந்தது, எல்லா மேஜையிலும் எதிர் நாற்காலியில் ஆள் இருந்தது.

இதற்குத்தான் பயந்தான். காலையிலிருந்து இல்லாத ஒன்று அப்போது வந்துவிட்டது. வாய்க்கால் பாலத்தில் ஜோடி ஜோடியாகக் கிளிகோ மனிதனைப் போலக் கையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுக்க இவனுக்கு ஆள் இல்லை. தெருவோரம் எட்டு தகோயாகி வாங்கி, சுவரோரம் நின்று தின்றான். ஆக்டோபஸ் துண்டு வைத்து மாவில் சுட்ட உருண்டை, நம்ம குழிப்பணியாரத்துக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. 1935 வாக்கில் இதே ஊரில் பிறந்தது. வெளியே சாது, உள்ளே எரிமலைக் குழம்பு. நாக்கு வெந்தது. 700 யென்.

ரூமுக்குப் போய்விடலாம் என்று குறுக்குச் சந்தில் திரும்பினான். கல் பாவிய குறுகலான சந்து, சத்தமெல்லாம் சட்டென்று நின்றுவிட்டது. ஹோசென்ஜி கோயில். 1945 குண்டுவீச்சில் கோயில் எரிந்துபோனது, ஃபுதோ தெய்வத்தின் சிலை தப்பித்தது. வருகிறவர்கள் எல்லாம் அகப்பையில் தண்ணீர் மொண்டு ஊற்றி ஊற்றி, சிலை முழுக்கப் பாசி மூடிப் பச்சைப் பசேலென்று நிற்கிறது, முகமே தெரியாமல். இவனும் ஊற்றினான்.

பக்கத்திலேயே ஒரு சின்னக் கடை, திரை தொங்கியது. நோட்டில் இல்லாத கடை. இனிப்பு ஏதோ என்று கண்ணாடிக்குள் வைத்திருந்த மாதிரியைப் பார்த்து மட்டும் தெரிந்தது. குளிருக்கு உள்ளே போனான். ஒரு விரல். இந்தத் தடவை அரை மனதோடு. உட்கார வைத்தார்கள். தட்டு வந்தது.

தட்டில் இரண்டு கிண்ணம்.

சிவப்புப் பயறு இனிப்புக் கஞ்சி, அதில் அரிசி மாவு உருண்டை. இரண்டிலும் ஒரே மாதிரி. ஓரத்தில் உப்புக் கொம்பு கொஞ்சம். பரிமாறியவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று நினைத்து இவன் மறுபடியும் விரலைக் காட்டினான். "ஒன்று, ஒன்று." அந்த அம்மா சிரித்துவிட்டு இரண்டு கிண்ணத்தையும் சுட்டிக்காட்டினார், அப்புறம் இவனையும் சுட்டிக்காட்டினார். இரண்டும் ஒரு ஆளுக்குத்தான்.

அந்தக் கடை 1883-லிருந்து இருக்கிறது. பண்டத்தின் பேர் மேயோதோ ஜென்ஸாய். 'தம்பதி ஜென்ஸாய்' என்று சொல்லலாம். ஒரு ஆள் கேட்டாலும் இரண்டு கிண்ணத்தில் பிரித்துத் தருவதுதான் அதன் வழக்கம். ஒதா சகுனோசுகே என்ற ஒசாகா எழுத்தாளர் 1940-ல் இதே பேரில் ஒரு கதை எழுதி, பிறகு அது சினிமாவாகவும் வந்து, கடை நாடு முழுக்கப் பிரபலமாகிவிட்டது. ஜோடியாக வந்து சாப்பிட்டால் நல்லது நடக்கும் என்று இப்போதும் ஜோடிகள் வருகிறார்கள். ஒருத்தன் வந்தாலும் இரண்டு கிண்ணம்தான்.

இவன் முதல் கிண்ணத்தை மெதுவாகக் குடித்தான். நாக்கு வெந்திருந்ததால் ஊதி ஊதி. நடுவில் உப்புக் கொம்பைக் கடித்துக்கொண்டால் இனிப்பு திகட்டவில்லை. இரண்டாவது கிண்ணத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து நண்பனுக்கு அனுப்பினான். "நாபே கிடைக்கல. ஒரு ஆளுக்கு இதைக் கொடுத்தாங்க. உன் கிண்ணம் ஆறிட்டு இருக்கு." அங்கே ராத்திரி ஒன்பது மணி, இங்கே ஐந்தரை. கல்யாண வீட்டில் பந்தல்காரரோடு அலைந்துகொண்டிருந்தவன் இரண்டு நிமிடத்தில் பதில் போட்டான்: "நீயே தின்னுடா. பாதிக் காசு என் கணக்குல எழுது."

இரண்டாவது கிண்ணத்தையும் குடித்தான். கடையில் அப்போது இன்னொரு பெண்மணி தனியாக வந்து உட்கார்ந்திருந்தார், அவருக்கும் இரண்டு கிண்ணம். அவர் எந்தக் கிண்ணத்தில் முதலில் ஆரம்பிப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்த மாதிரி இருந்தது.

கேப்ஸ்யூலுக்குள் படுத்துக்கொண்டு கணக்கு முடித்தான். ஓனிகிரியும் டீயும் 470, உதோன் 480, குஷிகாட்சு 850, தகோயாகி 700, ஜென்ஸாய் 815. மொத்தம் 3,315. மிச்சம் 1,685. ஜென்ஸாய்க்கு நேராக மட்டும் '÷ 2' என்று எழுதினான். பாக்கெட்டில் ஓனிகிரி உறை இரண்டும் இன்னும் இருந்தன. இறங்கிப் போய், கழிப்பறைப் பக்கம் இருந்த தொட்டியில் போட்டுவிட்டு வந்தான். மறுநாள் நாரா. அங்கே மான்களுக்குப் பிஸ்கட் வாங்கச் சில்லறை வேண்டும் என்று படித்திருந்ததால், 100 யென் காசுகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டான்.